திரையில் கறுப்பு எங்கிருந்து வருகிறது?

உங்கள் வீட்டில் அறுபது வயதைக் கடந்த பெரியவர் யாரேனும் இருந்தால் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "அந்தக் காலத்து டூரிங் டாக்கீஸில் பகல் காட்சி உண்டா?" உடனே சிரிப்பார். "பகல் காட்சியா? பொழுது சாய்ந்த பிறகுதான் பாட்டே போடுவான், அப்புறம்தான் டிக்கெட்" என்பார். மாலை ஒரு காட்சி, இரவு ஒரு காட்சி, அவ்வளவுதான். 1905இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சலனப்படம் காட்டத் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் வழக்கம். பகல் காட்சி வேண்டுமென்றால் நகரத்தில் சுவர் எழுப்பிக் கட்டிய தியேட்டருக்குத்தான் போகவேண்டும்.

கூடாரத் துணி பகல் வெளிச்சத்தை உள்ளே விட்டுவிடும், அதுதான் காரணம் என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள். சரி. ஆனால் உள்ளே வந்த வெளிச்சம் படத்தை என்ன செய்கிறது? புரொஜெக்டரிலிருந்து வரும் ஒளியைத் தின்றுவிடுகிறதா? இல்லை. இரண்டு ஒளிக்கற்றைகள் ஒன்றையொன்று குறுக்கே கடந்தாலும் ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை. புரொஜெக்டர் அனுப்பிய ஒளி முழுவதும் திரைக்கு வந்து சேர்கிறது. அப்படியும் படம் வெளிறிப்போகிறது. ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாததால் இன்று பல பள்ளிகளில் பணம் வீணாகிறது. பழைய மாணவர்கள் சேர்ந்து நன்கொடை திரட்டிப் பள்ளிக் கூடத்துக்கு ஒரு நல்ல புரொஜெக்டர் வாங்கித் தருகிறார்கள். விட்டத்தில் மாட்டி, சுவிட்சைப் போட்டால், துவைத்துத் துவைத்துச் சாயம்போன சட்டையைப் போலப் படம் தெரிகிறது. கடைசி வரிசைப் பையனுக்கு இதயத்தின் படத்தில் எது இடது வெண்ட்ரிக்கிள், எது வலது என்றே பிடிபடுவதில்லை. "விளக்கு சரியில்லை", "மட்டமான கருவியைத் தலையில் கட்டிவிட்டார்கள்" என்று பேச்சு கிளம்புகிறது. அப்படி என்னைக் கூப்பிட்டுக் காட்டிய இடங்களில் பெரும்பாலும் கருவி நன்றாகத்தான் இருந்தது. கூடம்தான் அதற்குத் தயாராக இல்லை.

கறுப்பு ஒளி என்று ஒன்று இல்லை

வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் எழுதுகிறோம். மை ஒளியை உறிஞ்சுகிறது. எனவே எழுத்து கறுப்பாகத் தெரிகிறது. புரொஜெக்டர் இப்படிச் செய்ய முடியாது. அதால் ஒளியைக் கொடுக்க முடியுமே தவிர, திரையிலிருந்து ஒளியை எடுக்க முடியாது. படத்தில் ஓரிடம் கறுப்பாக இருக்கவேண்டுமென்றால் அந்த இடத்துக்கு அது ஒளியை அனுப்பாமல் இருக்கும், அவ்வளவே. அந்த இடம் அப்போது என்ன நிறமாகத் தெரியும்? கூடத்து வெளிச்சத்தில் அந்த வெள்ளைத் திரை எப்படித் தெரியுமோ அப்படித்தான் தெரியும்.

இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். புரொஜெக்டரை அணைத்துவிட்டு, பாடம் நடக்கும்போது எந்தெந்த விளக்குகள் எரியுமோ அவற்றைப் போட்டு, திரையைப் பாருங்கள். சாம்பல் கலந்த வெள்ளையாக ஒரு துணி தெரிகிறதல்லவா? உங்கள் படத்தில் வரப்போகும் மிகக் கருமையான கறுப்பு அதுதான். எவ்வளவு விலை கொடுத்துக் கருவி வாங்கினாலும் அதைவிடக் கறுப்பு வராது. தொலைக்காட்சிப் பெட்டியுடன் ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். அணைத்து வைத்த தொலைக்காட்சியின் முகம் கறுப்பு. அணைத்து வைத்த புரொஜெக்டரின் திரை வெள்ளை. அதனால்தான் தொலைக்காட்சியைப் பகலில் பார்க்க முடிகிறது.

நம் கண் ஒளியின் அளவை எண்ணிப் பார்ப்பதில்லை. பக்கத்துப் பக்கத்து இடங்களின் விகிதத்தையே பார்க்கிறது. திரையின் வெள்ளைப் பகுதியில் உள்ள ஒளியைக் கறுப்புப் பகுதியில் உள்ள ஒளியால் வகுத்தால் கிடைப்பதைக் காண்ட்ராஸ்ட் என்கிறார்கள். படத்தின் தெளிவு பெரும்பாலும் இந்த எண்ணில்தான் இருக்கிறது.

ஒரு சிறு கணக்கு

புரொஜெக்டர் வெளியிடும் மொத்த ஒளியை லூமன் என்னும் அலகால் அளக்கிறோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமன் ஒளி விழுந்தால் அது ஒரு லக்ஸ். உங்கள் பள்ளியில் 3,000 லூமன் கருவி இருப்பதாகக் கொள்வோம். திரை 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். பரப்பு 6 சதுர மீட்டர். எனவே வெள்ளைப் பகுதியில் 3,000 ÷ 6 = 500 லக்ஸ்.

கூடத்தில் டியூப் லைட்டுகள் எரிகின்றன. அவற்றிலிருந்தும் ஜன்னல்களிலிருந்தும் திரைமேல் 100 லக்ஸ் விழுகிறது. இந்த 100 வெள்ளை, கறுப்பு என்று பார்க்காமல் எல்லா இடத்திலும் சேரும். வெள்ளை 500 + 100 = 600. கறுப்பு 0 + 100 = 100. விகிதம் 6. (உண்மையில் கருவியின் கறுப்பும் முழுச் சுழியல்ல, சிறிது ஒளி கசியும். அது மிகக் குறைவு என்பதால் விட்டுவிட்டேன்.)

இந்த 6 போதுமா? இன்ஃபோகாம் என்னும் ஒலி-ஒளித் துறை அமைப்பு 2011இல் வெளியிட்ட அமெரிக்கத் தர வரையறையில், சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் படத்துக்கே 7 வேண்டும் என்று இருக்கிறது. எழுத்தும் வரைபடமும் படித்து விளங்கிக்கொள்ள 15. நுண்ணோக்கிப் படம், எக்ஸ்ரே போல நுணுக்கமாக ஆராயவேண்டியவற்றுக்கு 50. திரைப்படத்துக்கு 80. நம்முடையது முதல் படியைக்கூடத் தொடவில்லை.

இப்போது நிர்வாகம் என்ன நினைக்கும்? "இன்னும் சக்தி வாய்ந்த கருவியாக வாங்கிவிடுவோம்." வாங்கட்டும். 6,000 லூமன் கருவி வந்துவிட்டது. வெள்ளை 1,000 + 100 = 1,100; கறுப்பு அதே 100. விகிதம் 11. செலவு எவ்வளவோ கூடியும் 6 என்பது 11 ஆகத்தான் உயர்ந்திருக்கிறது.

பழைய 3,000 லூமன் கருவியையே வைத்துக்கொண்டு, ஜன்னலுக்குக் கனமான சீலை போட்டு, திரைக்கு அருகிலுள்ள டியூப் லைட்டுகளை அணைத்தால்? திரைமேல் விழும் வேற்று ஒளி 10 லக்ஸாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை 510, கறுப்பு 10. விகிதம் 51! 100 லக்ஸ் வெளிச்சத்தை அப்படியே விட்டுவிட்டு இதே 51ஐ அடைய வேண்டுமானால் திரையில் 5,000 லக்ஸ் விழவேண்டும். அதற்கு 30,000 லூமன் கருவி தேவை. அது பெரிய அரங்குகளுக்கான கருவி. விலை பல இலட்சம். கருவிக்குச் செலவிடும் முன் சீலைக்குச் செலவிடச் சொல்வது சிக்கனத்துக்காக மட்டுமல்ல என்பது இப்போது விளங்கும். வகுக்கும் எண்ணைக் குறைப்பது, வகுபடும் எண்ணைக் கூட்டுவதைவிட எளிது.

இன்னொரு வியப்பு. நவீன சினிமா அரங்குகளுக்கான தர அளவு, வெள்ளைத் திரையின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா என்பது. சாதாரண வெள்ளைத் திரையில் இந்த ஒளிர்வு வர சுமார் 150 லக்ஸ் விழுந்தால் போதும் (48ஐ π ஆல் பெருக்கிப் பாருங்கள்). உங்கள் பள்ளித் திரையில் 500 லக்ஸ் விழுந்தும் படம் வெளிறுகிறது; சினிமாத் திரையில் 150 லக்ஸ் விழுந்து படம் பளிச்சிடுகிறது!

வெளிச்சத்தை எங்கே தடுப்பது?

முதல் எதிரி ஜன்னல். திரை எந்தச் சுவரில் இருக்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் முன், எந்த ஜன்னல் வழியாக எத்தனை மணிக்கு வெயில் வருகிறது என்று ஒரு நாள் முழுவதும் குறித்து வையுங்கள். திரைக்கு நேர் எதிரே ஜன்னல் இருந்தால் அதன் வெளிச்சம் நேராகத் திரையில் விழும். திரைக்குப் பின்புறச் சுவரில் இருந்தால் திரையில் விழாது. ஆனால் பார்ப்பவர் கண்ணைக் கூசவைக்கும். பக்கச் சுவர் ஜன்னல்கள் இவ்விரண்டைவிடத் தேவலை. திரையைச் சாய்வாகவே அவை தொடுகின்றன. சீலைக்கு மெல்லிய பூப்போட்ட துணி உதவாது. நெருக்கமாக நெய்த கனத்த துணியாகவும், ஜன்னலைவிட இருபுறமும் முக்கால் அடியாவது அகலமாகவும் இருக்கவேண்டும். ஓரத்தில் விரற்கடை இடுக்கு இருந்தாலும் பட்டையாக வெயில் உள்ளே பாயும்.

அடுத்தது விளக்குகள். பெரும்பாலான கூடங்களில் ஒரே சுவிட்சில் ஒரு வரிசை முழுவதும் எரியும். அந்த வரிசை திரையிலிருந்து கடைசிப் பெஞ்சு வரை நீளும். அணைத்தால் எல்லாம் அணையும். மாணவர் குறிப்பெடுக்க முடியாது. மின்பணியாளரிடம் சொல்லி, திரைக்கு அருகிலுள்ள விளக்குகளுக்குத் தனிச் சுவிட்சும், மாணவர் தலைக்கு மேலுள்ளவற்றுக்குத் தனிச் சுவிட்சும் போடச் செய்யவேண்டும். முன்னவை அணைந்து பின்னவை எரிந்தால் போதும். பாட வேளையில் கூடம் சினிமாக் கொட்டகை போல இருண்டிருக்க வேண்டியதில்லை. திரை மட்டும் இருண்டிருக்க வேண்டும். கூடம் முழுவதும் இருண்டால் கடைசிப் பெஞ்சில் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும்!

மூன்றாவதை யாரும் நினைப்பதில்லை. அது படத்தின் சொந்த ஒளி. திரையில் விழுந்த ஒளி கூடமெங்கும் சிதறி, பளபளக்கும் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரிலும் கூரையிலும் பட்டு மீண்டும் திரைக்கே திரும்புகிறது. படத்தின் வெள்ளைப் பகுதியே கறுப்புப் பகுதியைக் கெடுக்கிறது. சினிமா அரங்கின் சுவர்களும் கூரையும் இருண்ட நிறத்தில் இருப்பது அழகுக்காக அல்ல. பள்ளியில் எல்லாச் சுவரையும் இருட்டாக்க முடியாது. திரையைச் சுற்றியுள்ள சுவரும், அதற்கு மேலே கூரையில் சில அடிகளும் மங்கிய சாம்பல் அல்லது கரும்பச்சை நிறமாக இருந்தாலே நல்ல பயன் கிடைக்கும்.

திரையும் கடைசிப் பெஞ்சும்

திரைக்குப் பளபளப்பில்லாத வெள்ளை வேண்டும். அது விழுந்த ஒளியை எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறடிக்கும். ஓரத்தில் உட்கார்ந்தவருக்கும் நடுவில் உட்கார்ந்தவருக்கும் ஒரே படம். சிலர் எண்ணெய்ப் பெயின்ட் அடித்த பளபளப்பான சுவரையே திரையாக்குவார்கள். அதில் ஒளி ஆடியில் போல எதிரொளித்து, நடுவே ஒரு பளீர்ப் புள்ளி தெரியும். பளபளப்பற்ற பூச்சடித்த சமதளச் சுவர் கிடைத்தால் அதுவே போதும். சுருக்கம் விழுந்த துணித் திரையைவிட அது மேல்.

திரை எவ்வளவு பெரியது? "பெரிதாக இருக்கட்டும்" என்பதே பொதுவான ஆசை. ஆனால் அகலத்தை இரு மடங்காக்கினால் உயரமும் இரு மடங்காகும். பரப்பு நான்கு மடங்கு. அதே லூமன் நான்கு மடங்கு பரப்பில் பரவ, லக்ஸ் நான்கில் ஒன்றாகும். மிகச் சிறிதாக்கினாலோ எழுத்து தெரியாது. எனவே கடைசிப் பெஞ்சிலிருந்து தொடங்குவோம். கண் மருத்துவர் பலகையில், நல்ல பார்வைக்கான வரியின் எழுத்து கண்ணில் 5 நிமிடக் கோணத்தை அடைக்கும் (ஒரு பாகையில் 60 நிமிடம்). 10 மீட்டர் தொலைவில் அது சுமார் 14.5 மில்லிமீட்டர். அது எல்லை அளவு. கண்ணைச் சுருக்கிப் படிக்கவேண்டும். களைப்பின்றிப் படிக்க அதைப்போல மூன்று மடங்கு, அதாவது நான்கரை செ.மீ. எழுத்து வேண்டும். இடைவெளியும் சேர்த்து வரிக்கு 10 செ.மீ. என்றால் 2 மீட்டர் உயரத் திரையில் 20 வரிகள். ஒரே படத்தில் 40 வரி திணிக்கும் ஆசிரியருக்கு எந்தக் கருவியும் உதவாது. திரையின் கீழ் விளிம்பு, உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேலே இருக்கட்டும். தரையிலிருந்து நாலடி நல்ல அளவு.

மாட்டுமிடம்

ஒவ்வொரு கருவிக்கும், தொலைவை அகலத்தால் வகுத்த ஓர் எண் குறிப்பேட்டில் தரப்பட்டிருக்கும். அது 1.5 என்றால் 3 மீட்டர் அகலப் படத்துக்குக் கருவி திரையிலிருந்து 4.5 மீட்டரில் இருக்கவேண்டும். இந்த இடத்தைக் கண்டபின் நிமிர்ந்து பாருங்கள். நம் ஊர்க் கூடங்களில் பெரும்பாலும் அங்கே ஒரு மின்விசிறி தொங்கும்! அதன் இறக்கை கற்றையை வெட்டினால் திரையில் நிழல் ஓடும். வெட்டாவிட்டாலும் அதே விட்டத்தில் கருவியையும் மாட்டினால் அதிர்வு வந்து சேரும். அதிர்வு மிகச் சிறியதுதானே என்று தோன்றும். கருவி ஒரே ஒரு நிமிடக் கோணம் ஆடினால் 4.5 மீட்டர் தொலைவில் படம் 1.3 மி.மீ. நகரும். 3 மீட்டர் அகலத்தில் 1,920 புள்ளிகள் கொண்ட படத்தில் ஒரு புள்ளியின் அகலமே சுமார் 1.6 மி.மீ. ஆகவே எழுத்தின் ஓரம் எப்போதும் கலங்கியே தெரியும். விசிறியை நகர்த்துங்கள், அல்லது கருவிக்குத் தனித் தாங்கி அமையுங்கள்.

கருவியைச் சாய்த்து எறிந்தால் செவ்வகப் படம் சரிவகமாகும். இதைத் திருத்த ஒரு பொத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பொத்தான் ஒளியின் பாதையை மாற்றுவதில்லை. படத்தைச் சுருக்கி எதிர்ச் சரிவகமாக்கி அனுப்புகிறது. அதனால் புள்ளிகள் வீணாகின்றன. கூர்மையும் வெளிச்சமும் குறைகின்றன. கருவியை நேராக, திரையின் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக மாட்டிவிட்டால் அந்தப் பொத்தானைத் தொடவே வேண்டாம். திரைக்கு மிக அருகில் மாட்டும் வகையும் உண்டு. ஆசிரியரின் நிழல் விழாது என்பது அதன் சிறப்பு. ஆனால் ஒளி மிகச் சாய்வாக வருவதால் சுவரில் சிறு மேடுபள்ளம் இருந்தாலும் நேர்கோடு நெளியும்.

வெப்பமும் தூசியும்

300 வாட் மின்சாரம் எடுக்கும் கருவி 3,000 லூமன் தருகிறது என்று கொள்வோம். வெள்ளொளியில் ஒரு வாட்டுக்குத் தோராயமாக 300 லூமன். ஆக லென்ஸ் வழியே வெளியேறுவது 10 வாட் ஒளிதான்! மீதி 290 வாட் பெட்டிக்குள்ளேயே வெப்பமாகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் சுமார் 100 வாட் வெப்பம் வெளியிடுகிறார். ஆக மூன்று பேரை ஒரு சிறு பெட்டிக்குள் உட்கார வைத்தது போல. இந்த வெப்பத்தை வெளியே தள்ளவே உள்ளே விசிறி ஓடுகிறது. திருட்டுக்குப் பயந்து சில பள்ளிகளில் கருவியை மரப்பெட்டிக்குள் பூட்டி வைக்கிறார்கள். வெளியேறிய சூடான காற்றையே கருவி மீண்டும் இழுக்கும். சிறிது நேரத்தில் தானே அணைந்துவிடும். பூட்டத்தான் வேண்டுமென்றால் கம்பிக் கூண்டு போடலாம். காற்று புகும் வழிக்கும் வெளியேறும் வழிக்கும் முன்னால் ஓரடியாவது வெற்றிடம் விடவேண்டும்.

உதகமண்டலத்துப் பள்ளிக்கு இன்னொரு சங்கதி. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஊர் குளிர்ந்ததுதான், ஆனால் மெல்லிய காற்று வெப்பத்தைச் சுமந்து செல்வது குறைவு. இதற்காகவே பல கருவிகளில் விசிறியை வேகப்படுத்தும் மலைப்பகுதி ஏற்பாடு இருக்கிறது.

காற்றை இழுக்கும் கருவி சாக்பீஸ் தூளையும் சேர்த்தே இழுக்கும். வடிகட்டி அடைபட்டால் வெப்பம் ஏறும். எனவே கரும்பலகைக்கு நேர் மேலே கருவி வேண்டாம். மாதம் ஒரு முறை வடிகட்டியைத் தூசி தட்டுங்கள்.

மின்சாரத்துக்கு நிலத்தொடர்பு உள்ள மூன்று முள் பிளக் கட்டாயம். பழைய வகைப் பாதரச விளக்கில் ஒளிரும் நேரத்தில் உள்ளே 200 வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தம் இருக்கிறது. மின்சாரம் சட்டென்று நின்றால் விசிறியும் நின்றுவிடும். சூடான விளக்கு ஆறாமல் தவிக்கும். யு.பி.எஸ். இருந்தால் கருவியை முறைப்படி அணைத்து விசிறியைச் சற்று ஓடவிடலாம். லேசர் ஒளி மூலம் கொண்ட புதிய கருவிகளில் இந்தத் தொல்லை குறைவு. 20,000 மணி நேரம்வரை உழைக்கும் என்று தயாரிப்பாளர்கள் குறிக்கிறார்கள். ஆனால் அவையும் தூசியையும் வெப்பத்தையும் தாங்கா.

நீங்களே செய்து பார்க்க ஒரு கணக்கு: ஒரு பள்ளிக் கூடத்தில் திரை 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம். கருவி 5,000 லூமன். அதன் தொலைவு-அகல எண் 1.6. சீலைகளை மூடினால் திரைமேல் விழும் வேற்று ஒளி 25 லக்ஸ். மேற்கு ஜன்னலைத் திறந்தால் 125 லக்ஸ். கருவியை எங்கே மாட்டவேண்டும்? இரு நிலைகளிலும் காண்ட்ராஸ்ட் எவ்வளவு? விலங்கியல் ஆசிரியர் நுண்ணோக்கிப் படம் காட்ட விரும்பினால் வேற்று ஒளியை எத்தனை லக்ஸுக்குக் குறைக்கவேண்டும்?

(விடை: 6.4 மீட்டர், 21, 5, சுமார் 10 லக்ஸ்.)